சீன மொழியில் ‘இளைஞர்’ என்பதற்கு எத்தனை சொல், எதை எப்போது சொல்வது?

கேள்வி இது: “எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வின் நான்காம் நிலைக்குப் படிக்கிறேன். ஹாய்ட்ஸ, அர்தோங், ஷாவ்நியென், சிங்ஷாவ்நியென், சிங்நியென், நியென்சிங்ரென் என்று வரிசையாக வருகிறது. அகராதியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் குழந்தை, சிறுவர், இளைஞர் என்றுதான் போட்டிருக்கிறது. எப்படி நினைவில் வைப்பது? எதை எங்கே சொல்ல வேண்டும்?”

இரண்டு தனித்தனிக் கேள்விகள் இதில் இருக்கின்றன. நினைவில் வைப்பது சுலபம், ஒரு வாரத்து வேலை. எங்கே யாரிடம் சொல்வது என்பதற்குத்தான் வருஷக்கணக்கில் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் சீனாவின் யிவு நகரத்துச் சந்தையில் நம் ஊர் வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பல வருஷம் இருந்தவன். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். உச்சரிப்பைத் தமிழெழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘சி’யைப் ‘பச்சை’யில் வரும் ச்ச போல அழுத்திச் சொல்லுங்கள். தொனியை, அதாவது பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கத்தை, ரோமன் எழுத்தில் உச்சரிப்பைக் காட்டும் பின்யினில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் எழுதிய ஆறு சொல்லையும் ஆறு சொல்லாகப் படிக்காதீர்கள். உடைத்துப் பாருங்கள். ‘நியென்’ என்றால் ஆண்டு. அதன் முன்னால் எந்த எழுத்து நிற்கிறதோ அதுதான் பருவம். ஷாவ்நியென், சிங்நியென், ஜோங்நியென், லாவ்நியென் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: சிறு பருவம், இளமை, நடுவயது, முதுமை. ‘ஜோங்’ என்பது நடு. சீனா தன்னை அழைத்துக்கொள்ளும் ‘ஜோங்குவோ’வில் இருப்பதும் இதே ஜோங்தான். ‘லாவ்’ என்றால் முதிய. ஆக, நான்கு எழுத்து தெரிந்தால் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதற்கும் சட்டகம் கிடைத்துவிடுகிறது.

இதில் ‘ஷாவ்’ என்ற எழுத்தின் மேல் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ‘சிறிய’ என்பதற்கான ‘ஷியாவ்’ எழுத்தை எழுதி, அதன் கீழே இடப்பக்கமாக ஒரு சாய்கோடு இழுத்தால் ‘ஷாவ்’ வந்துவிடும். அதை மூன்றாம் தொனியில் சொன்னால் ‘கொஞ்சம், குறைவு’ என்று பொருள். நான்காம் தொனியில் சொன்னால் ‘வயதில் இளைய’. ஆண்டு குறைவாக இருப்பவன்தானே சிறுவன்! இப்படிப் பிடித்துக்கொண்டால் மறக்காது. ஆனால் ஷாவ்நியெனில் நான்காம் தொனி என்பதில் கவனமாக இருங்கள். நம் ஆட்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், ஏனென்றால் ‘குறைவு’ என்ற பொருளில்தான் அந்த எழுத்தை முதலில் படித்திருப்பார்கள்.

அடுத்து ‘சிங்’. இது பச்சை. ‘சிங்சுன்’ என்றால் பச்சை வசந்தம், அதாவது இளமைப் பருவம். ‘சிங்சுன்சி’ என்றால் வயதுக்கு வரும் பருவம். முகப்பருவுக்கு ‘சிங்சுன்தோவ்’, இளமையில் வரும் கொப்புளம். நாமும் இளமையைப் பச்சையோடு சேர்த்துத்தான் பேசுகிறோம், ஆனால் நமக்குப் பச்சை தொட்டிலோடு நின்றுவிடுகிறது: பச்சிளங்குழந்தை, பச்சைப்பிள்ளை, பச்சை உடம்பு. சீனத்தில் அந்தப் பச்சை பதினாலு, பதினைந்து வயதில் தொடங்கி முப்பது வரை போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் ‘சிங்நியென்’ உங்களைக் குழப்பாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘நியென்சிங்’ என்ற சொல்லிலும் ‘சிங்’ வருகிறது, அதுவும் அதே முதல் தொனியில். ஆனால் எழுத்து வேறு. அது பச்சை இல்லை, ‘எடை குறைந்த’ என்று பொருள் தரும் சிங். நியென்சிங் என்றால் ஆண்டுகளின் பாரம் ஏறாதவர். இது பெயரடை, ‘சிங்நியென்’ பெயர்ச்சொல். அதனால் ‘அவர் ரொம்ப இளமையாக இருக்கிறார்’ என்பதற்கு ‘தா ஹென் நியென்சிங்’ என்று சொல்லலாம். ‘தா ஹென் சிங்நியென்’ என்று சொன்னால் அது வாக்கியமே ஆகாது. எழுத்து, பேச்சு வித்தியாசமும் உண்டு. செய்தித்தாள், அரசு அறிக்கை, சங்கத்தின் பெயர் இவற்றில் சிங்நியென் வரும். டீக்கடையில் உட்கார்ந்து ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று பேசும்போது நியென்சிங்ரென் வரும்.

இதே வித்தியாசம் சின்னப் பிள்ளைகளுக்கான சொற்களிலும் உண்டு. வீட்டில் பேசும் சொல் ‘ஹாய்ட்ஸ’. என் பிள்ளை, உன் பிள்ளை என்றெல்லாம் அதைச் சொல்லலாம். பிள்ளைக்கு நாற்பது வயதானாலும் பெற்றவர்களுக்கு அது ஹாய்ட்ஸதான், நம் ‘பிள்ளை’ மாதிரியே. ‘அர்தோங்’ சட்டம், மருத்துவம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றின் சொல். ரயில் கட்டணத்தில், மருந்துப் பெட்டியில், நூலகத்தின் சிறுவர் பகுதியில் அதைப் பார்ப்பீர்கள். ‘என் அர்தோங் பள்ளிக்குப் போகிறான்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைக்குழந்தை ‘யிங்அர்’. அதற்கடுத்து, பாலர் பள்ளி வயதில் ‘யோவ்அர்’. இந்த ‘யோவ்’ எழுத்தின் இடப்பக்கம் மெல்லிய இழை, வலப்பக்கம் ‘வலிமை’. இழை அளவுக்கே பலம் உள்ள வயது. பாலர் பள்ளிக்கு ‘யோவ்அர்யுவான்’, அதாவது யோவ்அர்களின் தோட்டம்.

சரி, எந்த வயதில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது? பேச்சில் கோடு கிடையாது. ஆனால் சீன அரசு போட்ட கோடுகளைத் தெரிந்துகொண்டால் வாசிப்புக்கு உதவும். ஜூன் 1 அர்தோங் தினம். அன்று 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விடுமுறை. மே 4 சிங்நியென் தினம். 1919-இல் அதே நாளில் பெய்ஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கியதன் நினைவு அது. 14 வயது முதல் உள்ள இளைஞர்களுக்கு அன்று அரை நாள் விடுமுறை. பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ‘ஷாவ்நியென்’ முன்னோடிப் படையினர், 6 முதல் 14 வயது வரை. அதற்கு மேல் 28 வரை ‘சிங்நியென்’ சங்கம், அதாவது கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம். ஆக, ஷாவுக்கும் சிங்குக்கும் நடுவே அரசு போட்ட கோடு 14. ஆனால் 2017-இல் வெளியிட்ட இளைஞர் வளர்ச்சித் திட்டத்தில் இளைஞர் என்பதற்கு 14 முதல் 35 வரை என்று எல்லை வைத்தார்கள். இளமையின் மேல் எல்லை ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ‘சிங்ஷாவ்நியென்’ என்பது இரண்டையும் ஒட்டவைத்த சொல். பதின்ம வயதினரைக் குறிக்கக் கட்டுரைகளில் இதைத்தான் எழுதுவார்கள்.

18 ஆனால் ‘செங்நியென்ரென்’, ஆண்டு நிறைந்தவர். அதற்குக் கீழே உள்ளவரைச் சட்டம் ‘வெய்செங்நியென்ரென்’ என்கிறது. ‘வெய்’ என்றால் ‘இன்னும் இல்லை’. முதியோர் சட்டப்படி 60 தொடங்கினால் லாவ்நியென்ரென். எல்லாவற்றையும் உருப்போட வேண்டாம், 14, 18, 60 என்ற மூன்று எண்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன சொற்களில் பெரும்பாலானவை ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு. ஒருவரை நேரே கூப்பிடுவதற்கு அவை உதவாது. தெருவில் போகும் பையனை நாம் ‘ஏ இளைஞரே’ என்றா கூப்பிடுகிறோம்? தம்பி என்கிறோம். சீனர்களும் அப்படியேதான். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை நால்வருக்கும் தனித்தனிச் சொல் உள்ள மொழி அது. ஆங்கிலம் வழியாகச் சீனம் படிப்பவர்கள் ‘மூத்த சகோதரி, இளைய சகோதரி’ என்று எழுதிவைத்துத் திண்டாடுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. ஜியேஜியே அக்கா, மேய்மேய் தங்கை, கேகே அண்ணன், தீதி தம்பி. தமிழ் வழியாகவே நேரே படியுங்கள்.

யிவுக்குப் போன புதிதில் ஒரு நடந்த கதை. வளையல், ஹேர்கிளிப் விற்கும் கடை. கடைக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் மரியாதையாக நினைத்து ‘ஆயி’ என்றேன். அது சித்தி, அத்தை மாதிரி அம்மா வயதுப் பெண்களைக் கூப்பிடும் சொல். அவர் கணக்குப் போடும் கருவியில் இருந்து விரலை எடுத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உனக்கு எத்தனை வயது?” என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். “அப்படியானால் ஜியேஜியே என்று கூப்பிடு” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மீண்டும் கணக்கைப் போட்டார். கோபம் இல்லை, ஆனால் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. அன்றிலிருந்து என் விதி இது: பெண்களிடம் ஒரு தலைமுறை குறைத்தே கூப்பிடு. ஆயிக்கும் ஜியேஜியேக்கும் நடுவே சந்தேகம் வந்தால் ஜியேஜியே. ஐம்பதைத் தாண்டியவர் என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் ஆயி. சின்னப் பிள்ளை கையைப் பிடித்து வந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளை எப்படிக் கூப்பிடுமோ அப்படி நீங்களும் சொல்லலாம். “ஆயிக்கு வணக்கம் சொல்லு” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

‘ஷியாவ்ஜியே’யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் ‘செல்வி’ என்று இருக்கும். தைவானிலும் சிங்கப்பூரிலும் தயங்காமல் சொல்லலாம். சீனாவின் பெருநிலத்தில் முன்னால் குடும்பப் பெயர் சேர்த்து ‘வாங் ஷியாவ்ஜியே’ என்றால் மரியாதை. வெறுமனே ‘ஷியாவ்ஜியே’ என்று கடையில் நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டால், பல ஊர்களில் அது பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லாகக் காதில் விழும். ஒரு நல்ல சொல் இப்படிக் கெட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் படிப்பவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். உணவகத்தில் ‘ஃபூவுயுவான்’ (பணியாளர்) என்று கூப்பிடுவது எங்கும் பொது. இளம்பெண்ணைப் பற்றிப் பேசும்போது ‘குநியாங்’ நல்ல சொல். அதற்கு இணையாக இளைஞனுக்கு ‘ஷியாவ்ஹுவோட்ஸ’. பெரியவர்கள் வாயில் அது ‘நல்ல பையன்’ என்ற பரிவோடு வரும். உங்களைவிட மூத்தவரைப் பார்த்து நீங்கள் அதைச் சொல்லக் கூடாது. கல்லூரி வளாகத்தில் யாரை வேண்டுமானாலும் ‘தோங்ஷுவே’ என்று கூப்பிடலாம், உடன் படிப்பவர் என்று பொருள். சிறு குழந்தையை ‘ஷியாவ்பெங்யோவ்’ என்று கூப்பிடுங்கள். ‘குட்டி நண்பா’ என்பது அதன் பொருள். எனக்குச் சீனத்தில் மிகப் பிடித்த விளி அதுதான்.

வயதைக் கேட்பதிலும் படிகள் உண்டு, தேர்வுக்கும் இது உதவும். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் ‘நி ஜி ஸ்வே?’ பெரியவர்களிடம் ‘நி துவோ தா?’, ‘எவ்வளவு பெரியவர் நீங்கள்’ என்பது போல. முதியவரிடம் ‘நின் துவோ தா நியென்ஜி?’. மிகவும் முதிர்ந்தவரிடம் ‘நின் காவ்ஷோவ்?’, ‘தங்கள் உயர்ந்த ஆயுள் எத்தனை’. ‘நி’ என்பது நீ, ‘நின்’ என்பது தாங்கள்.

ஒரு தொழிற்சாலை முதலாளி வீட்டுக்கு நம் வியாபாரி ஒருவரோடு சாப்பிடப் போயிருந்தேன். மேசையின் தலைமாட்டில் முதலாளியின் தந்தை உட்கார்ந்திருந்தார். நம்மவர் தனக்குத் தெரிந்த நான்கு வாக்கியத்தில் ஒன்றை எடுத்து, அன்போடுதான், “நி ஜி ஸ்வே?” என்று கேட்டார். ஒரு கணம் எல்லாச் சாப்பாட்டுக் குச்சியும் நின்றது. மருமகள் சூப் கிண்ணத்தைப் பெரியவர் பக்கம் நகர்த்திக்கொண்டே, “அப்பா, உங்கள் காவ்ஷோவ் கேட்கிறார்” என்று மெல்லத் திருத்திச் சொன்னார். பெரியவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். அது சீனக் கைக்கணக்கில் எட்டு. பிறகு இரண்டு விரல். எண்பத்திரண்டு. எந்தப் புத்தகத்தைவிடவும் அந்த மருமகளிடம்தான் நான் இந்தப் பாடத்தைக் கற்றேன்.

பதில் சொல்வதிலும் ஒன்று கவனியுங்கள். முதியவர்கள் சொல்லும் வயது ‘ஷுஸ்வே’யாக இருக்கலாம். பிறந்தபோதே ஒன்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒன்று என்ற கணக்கு அது. பிறந்தநாள் கணக்கில் முடிந்த வயது ‘ஜோவ்ஸ்வே’. நம் பாட்டிகள் ‘அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு நடக்குது’ என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஷுஸ்வே சில சமயம் இரண்டு வருஷம் கூடவே காட்டும். புத்தாண்டுக்கு முந்தின நாள் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஷுஸ்வே இரண்டு.

‘லாவ்’ எழுத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. பழைய வடிவத்தில் அது நீண்ட முடியோடு கோல் ஊன்றி நிற்கும் கிழவரின் படம். அந்தக் கிழவரின் மேற்பாதியை வைத்து, கீழே ‘பிள்ளை’ என்ற எழுத்தை எழுதினால் ‘ஷியாவ்’ (நான்காம் தொனி), பெற்றோரைப் பேணும் கடமை. பிள்ளை முதியவரைச் சுமக்கும் எழுத்து. ‘சிறிய’ என்ற மூன்றாம் தொனி ஷியாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘லாவ்ஷி’ (ஆசிரியர்), ‘லாவ்பான்’ (முதலாளி), ஏன், ‘லாவ்ஹு’ (புலி) என்பதிலும்கூட லாவ் வருகிறது. அங்கெல்லாம் வயது இல்லை. இருபத்துமூன்று வயது ஆசிரியையும் லாவ்ஷிதான். முதியவரை எண்ணும்போது ‘கெ’ என்ற சாதாரண அளவுச்சொல்லைப் போடாமல் ‘வெய்’ போடுங்கள். ‘யி வெய் லாவ்ரென்’ என்றால் ‘ஒரு பெரியவர்’. ‘லாவ்தோவ்’ என்பது ‘கிழவன்’. அடுத்த வீட்டுக்காரர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

எழுத்து நடையில் வயதுக்கு இன்னொரு வரிசை இருக்கிறது. உங்கள் தேர்வில் வராது, ஆனால் அழகுக்காகவே படிக்கலாம். கன்ஃபூசியஸ் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது, முப்பதில் நிலைபெற்றேன், நாற்பதில் மயக்கம் தீர்ந்தேன், ஐம்பதில் விண்ணின் ஆணையை அறிந்தேன் என்றார். அதனால் முப்பது ‘அர்லி’, நாற்பது ‘பூஹுவோ’. இன்றும் நாற்பதாவது பிறந்தநாள் வாழ்த்தில் பூஹுவோ வரும். எழுபதுக்குக் ‘கூஷி’. ‘எழுபது காண்பது பண்டு தொட்டே அரிது’ என்று தாங் காலத்துக் கவிஞர் து ஃபு எழுதிய வரியிலிருந்து வந்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் ‘தோவ்கோவ்’. அது ஏலக்காய்க் குடும்பத்துச் செடி. இரண்டாம் மாதத் தொடக்கத்தில் மொட்டவிழ நிற்கும் அந்தச் செடியைச் சிறுமிக்கு உவமை சொன்னவர் து மு என்ற இன்னொரு தாங் கவிஞர். பேதை, பெதும்பை, மங்கை என்று பெண் பருவத்தை ஏழாகப் பகுத்து உலா பாடிய மொழிக்காரர்களுக்கு இந்த வரிசை தானே பிடித்துப்போகும். எண்பத்தெட்டு ‘மிஷோவ்’, அரிசி ஆயுள். அரிசி என்ற எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று மூன்று எண் கிடைக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

அறுபதுக்கு ‘ஹுவாஜியா’. சீன ஆண்டுக் கணக்கில் ‘தண்டு’ எனப்படும் பத்துப் பெயரும் ‘கிளை’ எனப்படும் பன்னிரண்டு பெயரும் சேர்ந்து சுழன்று சுழன்று அறுபது பெயர் வரும், பிறகு முதலிலிருந்து. பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வரும்போது ஒருவர் ஒரு சுற்றை முடித்துவிடுகிறார். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு எண்ணி, அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை, நினைவில் நிற்க இது போதும் என்கிறேன்.

செய்திகளில் அடிபடும் சில சொற்கள். ‘பாலிங்ஹோவ்’ எண்பதுகளில் பிறந்தவர்கள், ‘லிங்லிங்ஹோவ்’ இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்தவர்கள். ‘லியுஷோவ் அர்தோங்’ என்றால் பெற்றோர் நகரத்துக்கு வேலைக்குப் போக, கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைகள். ‘கென்லாவ்’ என்றால் முதியவரைக் கொறிப்பது, அதாவது பெற்றோர் காசில் காலம் தள்ளுவது. ‘ஷெங்ந்யூ’, மிச்சமான பெண், கல்யாணம் ஆகாமல் முப்பதை நெருங்கும் பெண்ணைச் சொல்வது. 2007-இல் சீனக் கல்வி அமைச்சகம் புதுச்சொல் பட்டியலிலேயே சேர்த்தது. வாசித்தால் புரிந்துகொள்ளுங்கள், வாயால் சொல்லாதீர்கள். படித்து, சம்பாதித்து, தன் வீட்டைத் தாங்கும் பெண்களை மிச்சச் சோறு மாதிரி பேசும் சொல் அது.

பயிற்சிக்கு என் யோசனை: சொல் அட்டை போடாதீர்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுங்கள். பத்துப் படம். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி: இவரைப் பற்றிப் பேசும்போது என்ன சொல், நேரே எப்படிக் கூப்பிடுவேன், வயதை எப்படிக் கேட்பேன். உங்கள் சின்ன வயதுப் படத்துக்கு ‘ஷியாவ் ஷிஹோவ்’ என்று தொடங்குங்கள். ‘சின்னதா இருக்கறப்போ’ என்று நாம் சொல்வதேதான். ‘சின்ன வயசிலிருந்தே’ என்பதற்கு ‘ட்ஸோங்ஷியாவ்’. இந்த இரண்டும் வந்துவிட்டால் உங்களைப் பற்றி நீங்களே பத்து நிமிஷம் பேசலாம்.

ஆல்பத்தில் இப்போது இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ‘ஸ லெ’ என்று எழுதாதீர்கள், அது ‘செத்துட்டார்’. ‘ட்ஸோவ் லெ’ என்று எழுதுங்கள், ‘போயிட்டார்’. நிறைவாக வாழ்ந்து, பேரன் பேத்தி பார்த்து, வயது முதிர்ந்து போனவருடைய இறுதிச் சடங்கைச் சீனர்கள் ‘ஷிஸாங்’ என்பார்கள். ‘ஷி’ என்பது கல்யாண வீட்டுக் கதவில் இரட்டையாக ஒட்டும் மகிழ்ச்சி எழுத்து. ‘ஸாங்’ என்பது துக்கம். அதற்குத் தமிழில் ‘கல்யாணச் சாவு’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.